டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரவுட்டர்: வாங்கலாம், ஆனால் வந்தபடியே விட்டுவிடாதீர்கள்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர்கள் கம்பி எட்டுகிற இடத்தில், பெரும்பாலும் வாசலையொட்டி, மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஹாலில் வைஃபை பறக்கும். உள் அறையில் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு அதிகச் செலவில்லாமல் இரண்டாவது ரவுட்டர் ஒன்று வேண்டுமென்றால், ஆர்ச்சர் சி6-ஐத் தயங்காமல் சொல்லலாம்.

சொல்வதற்குக் காரணம் நான்கு ஆன்டெனா அல்ல, பின்பக்கத்து ஐந்து போர்ட். ஐந்துமே கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். ஏசி1200 என்று விற்கும் மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். உள்ளே வருவதே 100 என்றால் வைஃபை எவ்வளவு வேகமாக இருந்து என்ன? அந்த 1200 என்ற எண்ணும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 இரண்டையும் கூட்டி முழுமையாக்கியது. ஒரு போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். 867-லும் ஒரே அறையில் ஏறக்குறைய பாதிதான் கையில் கிடைக்கும். 300 எம்பிபிஎஸ் பிளான் வரை இது தாராளம். 500-க்கு மேல் போகிறவர்கள் இதற்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 ரவுட்டர் பார்ப்பது நல்லது.

புது ரவுட்டர் வந்த பிறகும் வேகம் 94, 95-லேயே நின்றால் ரவுட்டரைக் குறை சொல்லாதீர்கள், கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடி இழை போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு இழை கிளிப்புக்குள் சரியாக உட்காராவிட்டாலும் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை. விண்டோஸில் ஈதர்நெட் அமைப்பைத் திறந்து லிங்க் ஸ்பீடு 100/100 என்று இருக்கிறதா, 1000/1000 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 100 என்றால் கேட்5இ கேபிள் ஒன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மோடத்தின் போர்ட்டும் கிகாபிட்டாக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம். மோடமே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் சி6-ஐ அப்படியே செருகினால் ரவுட்டருக்குள் ரவுட்டர் ஆகிவிடும். இணையம் வரும், ஆனால் மோடத்தின் வைஃபையில் இருக்கும் போனுக்கு சி6-இல் இருக்கும் பிரின்டர் தெரியாது. சிசிடிவி டிவிஆரை வெளியிலிருந்து பார்க்க சி6-இல் மட்டும் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு வழி திறப்பது) போட்டாலும் எட்டாது. இதற்கு ஆக்சஸ் பாயின்ட் மோடு இருக்கிறது; அதில் சி6 வைஃபை கொடுப்பதோடு நிற்கும், ரவுட்டர் வேலையை மோடமே பார்க்கும். கணினியை சி6-உடன் கேபிளில் இணைத்து, பிரவுசரில் 192.168.0.1 திறந்து, அட்வான்ஸ்டு, ஆபரேஷன் மோடு, ஆக்சஸ் பாயின்ட் என்று போய் சேவ் செய்யுங்கள். ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பிறகு மோடத்திலிருந்து வரும் கேபிளைச் செருகுங்கள். இனி முகவரி கொடுப்பது மோடம் என்பதால் 192.168.0.1 பெரும்பாலும் திறக்காது. டிபி-லிங்கின் டெதர் ஆப்பை போனில் போட்டுத் தேடினால் அகப்படும். இந்த மோடில் பேரண்டல் கன்ட்ரோல் கிடையாது. பிள்ளைகளுக்காக அது கட்டாயம் வேண்டுமென்றால் ரவுட்டர் மோடிலேயே வைத்து, மோடத்தின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். வைஃபை பாஸ்வேர்டு என்று எட்டு இலக்கம் இருக்கும், எல்லாமே எண். எட்டு எண் என்றால் மொத்தம் 10 கோடி வாய்ப்பு. வைஃபை இணைப்புத் தொடக்கத்தை ஒருவர் பதிவு செய்துகொண்டால், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு அத்தனையையும் சில நிமிடங்களில் போட்டுப் பார்த்துவிடும். முதல் வேலையாக இதை மாற்றுங்கள்: தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் போதும், வீட்டில் பெரியவர்களுக்கும் நினைவில் நிற்கும். ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்துக்கு வேறு பாஸ்வேர்டு வையுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனிலோ பின் எண்ணிலோ இணைய விடும் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். சாதனங்கள் தாங்களாகவே வெளியிலிருந்து வழி திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியையும், யாருக்கும் தேவையில்லையென்றால் அணைக்கலாம். வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 எல்லாப் பதிப்பிலும் இல்லை. இருந்தாலும் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு அமைப்பையே தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் பழைய பிரின்டரும் ஸ்மார்ட் பிளக்கும் இணையாது.

ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம். இதே நிறுவனத்தின் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21-இல் இருந்த ஓட்டையை 2023 மார்ச்சில் அடைத்தார்கள். அப்டேட் செய்யாத ரவுட்டர்களை ஏப்ரலிலேயே மிராய் பாட்நெட் (சாதனங்களைக் கைப்பற்றித் தாக்குதலுக்குப் பயன்படுத்தும் வலை) பிடித்துக்கொண்டது. கோப்பைத் தரவிறக்கிப் போடுவதானால் லேபிளில் உள்ள பதிப்பு எண்ணும் நாடும் பொருந்த வேண்டும். மாறிப்போனால் ரவுட்டர் செத்துவிடலாம். வைஃபையில் செய்யாமல் கேபிளில் செய்யுங்கள், நடுவில் கரன்ட் போகக்கூடாது.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி, 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கத்தார் குறைவாக இருக்கும் ஒன்றைப் போடுங்கள். அடுக்குமாடி வீட்டில் 40-இல் வைத்தால் பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதிக்கொண்டேதான் இருக்கும். ரவுட்டரை பீரோ மேலோ டிவிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கான்கிரீட் சுவர் ஒன்றே பெரிய தடை.

குறை என்றால், யூஎஸ்பி போர்ட் இல்லை, ஆன்டெனாக்களைக் கழற்ற முடியாது. கரன்ட் அடிக்கடி போகும் ஊரில் மினி யூபிஎஸ் வாங்குகிறவர்கள் மோடம், ரவுட்டர் இரண்டின் அடாப்டரையும் படித்து, வோல்ட் பொருந்துகிறதா, ஆம்பியரைக் கூட்டினால் யூபிஎஸ் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். மோடத்துக்கும் சேர்த்துக் கொடுக்கவில்லையென்றால் வைஃபை குறி முழுதாகக் காட்டும், இணையம் இருக்காது.