புதுசு என்று வாங்கிய குறுக்குவில்: மான் சீசனுக்கு முன் ஒரு எச்சரிக்கை

ஒன்ராறியோவில் இந்த ஒக்டோபர் மான் வேட்டைக்கு முதல்முறை குறுக்குவில் (துப்பாக்கிபோல் பிடித்து அம்பு எய்யும் crossbow) வாங்க நினைப்பவர்கள், காசைக் கொடுக்க முன்னம் இதை வாசியுங்கள். எனக்கு வரியோடு 846 டொலர் போயிற்று. வில் கராஜில் தொங்குகிறது. அதில் நாண் ஏற்றப் பயமாக இருக்கிறது.

வேட்டைக்காரர் பயிற்சி முடித்து, வேட்டைக்கு வேண்டிய அவுட்டோர்ஸ் கார்டும் எடுத்து, ஓகஸ்டில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் உள்ள கடைக்குப் போனேன். வங்கியில் முறைப்பாடு நடப்பதால் கடையின் பெயரையும் வில்லின் பெயரையும் சொல்லவில்லை. இந்த வருட மொடல், 749 டொலர். ஸ்கோப் (குறிபார்க்கும் குழாய்), மூன்று அம்பு, நாண் இழுக்கும் கயிறு எல்லாம் அதற்குள். பெட்டியில் ஒட்டியிருந்த ரேப் வெட்டியிருந்தது. "உங்களுக்காகப் பொருத்திப் பூட்டி வைத்தோம்" என்றான் கடைப் பெடியன். நான் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

பொய் சொல்லக்கூடாது, கையில் எடுத்ததும் பிடித்துப்போயிற்று. நாண் ஏறியதும் இரண்டு பக்கமும் ஒடுங்கிவிடுகிறது. மரத்தில் கட்டிய இருக்கையில் கிளையில் முட்டாமல் திரும்பலாம். இழுவை 175 இறாத்தல். மானுக்குச் சட்டம் கேட்பது 45 கிலோ, அதாவது நூறு இறாத்தல் அளவு, இது தாராளம். கயிறு போட்டு இழுத்தால் கைக்கு அதில் பாதிதான் தெரியும். 20 யார் (கெஜம்) தூரத்தில் மூன்று அம்பும் ஒரு பிஸ்கட் அகலத்துக்குள் விழுந்தன. (ஒரே புள்ளிக்கு அடிக்காதீர்கள். இரண்டாவது அம்பு முதல் அம்பின் வாலை உடைக்கும். எனக்கு உடைந்தது.)

40 யாரில் வந்தது பிரச்சினை. எல்லா அம்பும் ஏறக்குறைய மூன்று அங்குலம் கீழே. என் தோளைத்தான் குறை சொன்னேன். இரண்டாம் நாள் பக்கத்தில் நின்று எய்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தன்னுடைய வேகமானியை என் முன்னால் வைத்தார். ஐந்து அம்பு விட்டேன். செக்கனுக்கு 346 அடிக்கும் 349க்கும் நடுவில் காட்டியது. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது 400.

அறிவுறுத்தல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: அந்த 400 என்பது 350 கிரெய்ன் (அம்பின் பாரத்துக்கான அளவு) அம்புக்கு. கடை தந்த அம்பு முனையோடு 420 கிரெய்ன். பாரம் கூடினால் வேகம் குறையும். இந்த வித்தையைப் பல கம்பனிகள் செய்கின்றன, அதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் கணக்குப்படியும் 365, 370 வரவேண்டும். ஸ்கோப்பில் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு கோடு, அம்பின் வேகத்துக்கு அவற்றைச் சரிசெய்ய ஒரு வளையம் உண்டு. கடைக்காரன் அதை 400இல் திருப்பி வைத்திருந்தான். அதனால் 20 யாருக்கு அப்பால் உள்ள கோடு ஒவ்வொன்றும் பொய்யான கோடு. இலக்குப் பலகையில் மூன்று அங்குலம் சிரிப்பு. மானில் அது நெஞ்சுக்குக் கீழே ஒரு காயம், பிறகு இருட்டுக்குள் இரத்தம் தேடி அலைச்சல்.

மீதி வேகம், செக்கனுக்கு இருபது அடி, எங்கே போயிற்று? "எத்தனை தரம் எய்தாய்?" என்று கேட்டார் கிழவர். முப்பதும் இல்லை. அவர் நாணின் நடுவில் சுற்றியிருக்கும் நூலை விரலால் தடவினார். ஒரு பக்கம் பஞ்சு கிளம்பி, சுற்று விலகியிருந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து லிம்புகளின் (வில்லின் வளையும் இரண்டு கைகளின்) ஓரம் வழியே மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். இடப்பக்கம், கப்பிக்குக் கிட்ட, பஞ்சு சிக்கி நின்றது. டோர்ச் அடித்தபோதுதான் தெரிந்தது, மயிரிழை வெடிப்பு.

"யாரோ அம்பில்லாமல் விட்டிருக்கிறார்கள்" என்றார். அம்பு இருந்தால் விசை அதோடு போய்விடும். இல்லாவிட்டால் முழு அடியும் லிம்புக்கும் நாணுக்கும் திரும்பி வரும். அந்த வெடிப்போடு நாண் ஏற்றினால் லிம்ப் எப்போது தெறிக்கும் என்று சொல்ல முடியாது, அதுவும் முகத்துக்குப் பக்கத்தில்.

கடைக்குக் கொண்டுபோனேன். மனேஜர் ஒரு நிமிடம் பார்த்தார். "அம்பில்லாமல் நீதான் விட்டிருப்பாய், அதற்கு உத்தரவாதம் இல்லை." முடிந்தது. நானும் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவுதான், ஒரு வீம்புக்கு, தொடரிலக்கத்தைக் கம்பனியின் உத்தரவாதப் பதிவில் போட்டேன். ஏற்கெனவே பதிவான வில் என்று வந்தது. பதிந்தது ஏப்ரலில்!

அந்தப் பதிவுத் திரையைப் படமெடுத்துக் காட்டியதும் கடையின் குரல் இறங்கியது. காசு தரமாட்டார்களாம், கடையில் வேறு பொருள் எடுக்கலாமாம், அதிலும் 15 வீதம் கழித்து. அவர்கள் பழையதைப் புதுசென்று விற்றதற்கு நான் 112 டொலர் கூலி! மறுத்துவிட்டு, கடன் அட்டை வங்கியில் முறைப்பாடு போட்டேன். ஐந்து கிழமை ஆயிற்று.

நீங்கள் வாங்கும்போது தொடரிலக்கத்தைக் கடையில் நின்றே, காசு கொடுக்க முன்னம், போனில் தட்டிப் பாருங்கள். பூட்டுவதென்றால் உங்கள் கண்முன் பூட்டட்டும். பையில் ஒரு பஞ்சு உருண்டை கொண்டுபோங்கள், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இணையத்தில் ஒரு கையால் எய்யும் குட்டி வில் மலிவாக வருகிறதே என்று அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்: 500 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ நீளமானதும், ஒரு கையால் எய்வதும் கனடாவில் தடை.

இன்னொன்று. ஏப்ரலில் இந்த வில்லை வாங்கித் திருப்பிக் கொடுத்தவர் தமிழராக இருக்க வாய்ப்புக் குறைவுதான். அப்படி இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கோபமில்லை, எனக்கு ஒரு சாட்சி வேண்டும்.