எம்1 அரியருக்காகச் சந்தா கட்டிய கணக்கு ஆப்

போன செமஸ்டரில் எம்1 என்கிற கணக்குப் பேப்பர் ஊத்திக்கொண்டது, காரணம் தொகையிடல், அதாவது இன்டக்ரேஷன். அதனால் கணக்கைப் போட்டோ எடுத்தால் படிப்படியாகப் போட்டுக் காட்டும் ஆப் ஒன்றுக்கு ஒரு மாதச் சந்தா கட்டினேன். பேர் வேண்டாம், திட்டத்தான் போகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் கோழிக் கிறுக்கலைக்கூடப் படித்துவிடுகிறது. மேலே 1, கீழே ரூட்டுக்குள் எக்ஸ் ஸ்கொயர் + 4எக்ஸ் + 13 இருக்கிற கணக்கைக் காட்டினேன். வர்க்கப் பூர்த்தி செய்து (எக்ஸ் + 2) ஸ்கொயர் + 9 ஆக்கி, எக்ஸ் + 2 = 3 டேன் தீட்டா என்று பிரதியிட்டு, ரூட் முழுக்க 3 செக் தீட்டாவாகச் சுருங்குவது வரை அழகாகவே காட்டியது. ரூட்டுக்குள் வர்க்கத்தோடு 9-ஐக் கூட்டினால் டேன், 9-லிருந்து வர்க்கத்தைக் கழித்தால் சைன், வர்க்கத்திலிருந்து 9-ஐக் கழித்தால் செக். வகுப்பில் மண்டையில் ஏறாத இது நாலைந்து கணக்கிலேயே பிடிபட்டது.

சொதப்பல் கடைசியில்தான். தீட்டாவிலிருந்து எக்ஸுக்குத் திரும்ப ஒரு செங்கோண முக்கோணம் போட்டால் போதும், எதிர்ப்பக்கம் எக்ஸ் + 2, அடுத்துள்ள பக்கம் 3, கர்ணம் அந்த ரூட். ஆப் படமே போடாமல் விடைக்குத் தாவிவிடுகிறது. சரி, அதுவாவது போகட்டும். என் விடையில் லாகுக்குள் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு 3 நிற்கிறது, ஆப்பின் விடையில் அது இல்லை, எங்கே தப்பு என்று அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ரூம்மேட் எட்டிப் பார்த்துவிட்டு, "லாக் 3-ஐத் தனியா பிரிடா, அது வெறும் நம்பர், சீ-க்குள்ள போயிடும்" என்றான். சீ என்றால் தொகையிட்ட விடையின் கடைசியில் கூட்டுகிற மாறிலி. இரண்டுமே சரியான விடை! இதைச் சொல்ல ஆப்புக்கு ஒரு வரி போதாதா?

அப்புறம் ரூட்டுக்குள் 5 − 4எக்ஸ் − எக்ஸ் ஸ்கொயர். மைனஸை வெளியே எடுத்துப் பூர்த்தி செய்து, திரும்ப உள்ளே கொண்டுவந்தால் 9 − (எக்ஸ் + 2) ஸ்கொயர், அதாவது சைன். நான் மைனஸைத் திரும்பக் கொண்டுவர மறந்து செக் போட்டுக் கோட்டை விடுவது இங்கேதான். ஆப் இதை ஒரே வரியில் தாண்டுகிறது, விரித்துப் பார்க்கத் தொட்டால் இதைவிடப் பெரிய சந்தா கேட்கிறது.

நீங்களே போட்ட விடையைச் சரிபார்க்க மட்டும் என்றால் வாங்கலாம். நான் ரூம்மேட்டுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.