ஒயர்க்கூடைப் புத்தகமும் அஸ்தம்பட்டி எடிட்டர் அக்காவும்

சேலத்தில் சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே டைப் செய்து, டி.டி.பி. கடையில் பக்கம் கட்டி, அட்டைக்கு ஒரு படத்தைப் பிடித்து நேராக அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து படித்துவிட்டு இதை எடு, அதைத் தூக்கு என்று சொல்ல, அதற்கு நாம் காசும் கொடுக்க வேண்டுமா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். கொடுக்கலாம் என்பதுதான் என் பதில், ஆனால் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கைவேலைப் புத்தகம் எழுதி வைத்திருக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று என் புத்தகத்தை எடிட் செய்தவரே சொல்லிவிட்டார், கவிதைத் தொகுப்போடு வந்து நிற்கிறவர்களைச் சமாளிக்க முடியவில்லையாம். அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

என் புத்தகம் ஒயர்க்கூடை பின்னுவது பற்றியது. சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று பின்னல் வகைகளை அம்மாபேட்டையில் வகுப்பு எடுத்துச் சேர்த்த சரக்கு எல்லாம் சேர்ந்து 208 பக்கம். அதை வாங்கி வைத்துக்கொண்டு அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஒயர் எங்கீங்க?" ஒரு கட்டு பச்சை, ஒரு கட்டு வெள்ளை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது மேஜை மேல் அரைக்கூடை ஒன்று இருந்தது. அடி போட்டு முடித்து, பக்கவாட்டில் மூன்று வரிசை ஏறி, அதோடு நின்றிருந்தது. தொங்கிக்கொண்டிருந்த ரன்னிங் ஒயரின் (வரிசை வரிசையாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும் ஒயர்) நுனியில் துணிக்கிளிப்பால் ஒரு துண்டுச்சீட்டை மாட்டி வைத்திருந்தார். "ப. 71. இங்கே கை நின்றது" என்று பென்சிலில் எழுதியிருந்தது. "மூணாவது வரிசைக்கு வரவே எழுபத்தொரு பக்கம் ஆகுதுங்க, அதைப் பாத்தீங்களா?" என்றார். இப்படிச் செய்து பார்த்து எடிட் பண்ணுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எழுத்துப்பிழை திருத்தக் கடைக்கடைக்கு ஆள் இருக்கிறார்கள், கூடையைப் பின்னிப் பார்த்துத் திருத்துகிறவர் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இவர் ஒருத்தர்தான்.

அந்த எழுபது பக்கத்தில் என்ன இருந்தது என்றால், எல்லாமே இருந்தது. பத்தமடைப் பாய், செட்டிநாட்டுக் கொட்டான், சேலம் வெண்பட்டு மூன்றுக்கும் புவிசார் குறியீடு இருப்பதிலிருந்து ஆரம்பித்து, பின்னல் வேலையின் பெருமை ஒரு அத்தியாயம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது, ஆகவே கூடையைத் தூக்குங்கள் என்று இன்னொரு அத்தியாயம். எங்கள் பாட்டி கூடையோடு செவ்வாய்ப்பேட்டை போன கதை ஒன்று, அதில் எனக்கே கண் கலங்கும். கொட்டான் பனையோலை, பாய் கோரை, வெண்பட்டு தறி, இதில் எதைத் தெரிந்துகொண்டாலும் ஒயரில் முடிச்சுப் போட வராது என்றார் அக்கா. பெருமை அத்தியாயம் முழுசாகப் போயிற்று. பிளாஸ்டிக் தடை ஒரு பத்தியாகச் சுருங்கி முன்னுரைக்குள் போனது. பாட்டியில் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது: கைப்பிடியை எப்போதும் இரட்டை ஒயரில் போடுவார், ஏனென்றால் சூரமங்கலம் உழவர் சந்தையிலிருந்து பூசணிக்காயும் அதில்தான் வரும். அந்த வாக்கியம் கைப்பிடி அத்தியாயத்தில் இருக்கிறது. படிக்கிறவருக்குப் பாட்டியும் கிடைக்கிறார், இரட்டை ஒயர் எதற்கு என்பதும் புரிகிறது.

வாக்கியங்களிலும் கத்தி விழுந்தது. வகுப்பெடுத்தே பழகியவர்கள் எழுதினால் "இப்போது நாம் பார்க்கப் போவது" என்று பக்கத்துக்கு இரண்டு வரும். எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்துவிட்டார். ஒவ்வொரு கூடைக்கும் அடி போடுவதை முதலிலிருந்து சொல்லியிருந்ததை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார், மற்ற இடங்களில் எண்ணிக்கை மட்டும்: அகலத்துக்கு எத்தனை ஒயர், நீளத்துக்கு எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம். இது மட்டுமே முப்பது பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டது.

படங்கள் விஷயத்தில்தான் எனக்கு மனசே வரவில்லை. போன் கேமராவில் எடுத்துக் குவித்தவை, கிளிப்பச்சையும் ரோஸும் திரையில் ஜொலிக்கும். அச்சில் அப்படி வராது, நான்கு மையில் அந்தப் பளீர் நிறமெல்லாம் மங்கித்தான் போகும் என்று அக்கா ஒரு பக்கத்தைச் சோதனை அச்சு எடுத்தே காட்டினார். கறுப்பு ஒயர்க் கூடைப் படத்தில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பாதிக்கு மேல் போய், அந்த இடங்களில் கோட்டுப் படம் வந்தது. மிச்சம் இருந்த படங்களை அடி ஒயர் வெள்ளை, ரன்னிங் ஒயர் பச்சை என்று திரும்ப எடுக்கச் சொன்னார். ரன்னிங் ஒயர் எதற்கு மேலே போகிறது, எதற்குள் நுழைந்து வெளியே வருகிறது என்பது இரண்டு நிறம் இருந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

அப்புறம் பாரக் கணக்கு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், டெமி என்கிற புத்தக அளவில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிப்பது, 16 பக்கம், செலவு அந்தக் கணக்கில்தான் ஏறி இறங்கும். அங்கே இங்கே மூன்று பக்கம், நாலு பக்கம் குறைத்துப் பெரிதாக லாபம் இல்லை, வெட்டினால் பாரத்தோடு வெட்ட வேண்டும். 13 பாரம் இருந்தது 8 ஆகி, 128 பக்கத்தில் நின்றது. கடைசி ஆறு பக்கம்தான் பெரிய ரகளை, கிளி பொம்மை வேண்டுமா, நெல்லிக்காயில் இரண்டாவது மாடல் வேண்டுமா என்று. கிளி பறந்துவிட்டது. எனக்கு இன்னும் அதில் வருத்தம்தான், வகுப்பில் சின்னப் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான்.

மிச்சமான காசில் நூல் தையல் போடலாம் என்ற யோசனையும் அவருடையதே. வெறும் பசை போட்ட பைண்டிங் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். "ரெண்டு கையிலயும் ஒயர் இருக்கறப்ப புத்தகத்த யாருங்க புடிச்சுக்கறது?" என்று கேட்டார். சுருள் கம்பி போட்டால் இன்னும் தட்டையாக விரியும், ஆனால் முதுகில் தலைப்பு வராது, கடை அலமாரியில் செருகினால் எந்தப் புத்தகம் என்றே தெரியாது. அதனால் தையல்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன் என்று நினைக்க வேண்டாம். அறுந்த கைப்பிடியை மாற்றுவது பற்றிய அத்தியாயம் வேண்டாம் என்றார், புதுசு பின்னக் கற்றுக்கொண்டவர் பழுதும் பார்த்துக்கொள்வார் என்று அவர் வாதம். விடவில்லை. வகுப்புக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் அம்மாவின் பழைய கூடையைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள், முதல் கேள்வியே அதுதான். அது இருந்தே ஆக வேண்டும் என்றேன், சரி என்று விட்டுவிட்டார். காரணம் சொன்னால் கேட்கிறார். "ஆசையா எழுதுனேன்" என்பது மட்டும் அவரிடம் காரணம் ஆகாது.

எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், வெட்டியதை அவர் தூக்கிப்போடுவதில்லை. தனிக் கோப்பாகக் கையில் தருகிறார், ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஏன் போனது என்று ஒரு வரி: "வேறு புத்தகம்", "12ஆம் பக்கத்தில் ஏற்கெனவே உண்டு", "படமே சொல்லிவிட்டது". கிளி பொம்மையை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் கொடுக்கிறேன். பெருமை அத்தியாயத்தை அப்புறம் எடுத்துப் படித்தேன், அது எங்கேயும் போகாமல் கோப்பிலேயே இருக்கட்டும் என்று தோன்றியது.

குறைகளும் உண்டு. கட்டணம் நாம் கொடுக்கும் பக்கக் கணக்கில், அதாவது அவர் வெட்டித் தள்ளிய 80 பக்கத்துக்கும் சேர்த்துத்தான் காசு. கேட்டால், வெட்டுவதுதானே வேலை என்கிறார், நியாயம்தான், ஆனாலும் பில்லைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது (ஐந்து பாரம் குறைந்ததில் எனக்கு அது திரும்ப வந்துவிட்டது, எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன்). சொன்ன தேதிக்கு எதுவும் வராது. போன் எடுக்க மாட்டார். பக்கம் கட்டும் வேலையை அவர் வெளியில் கொடுக்கிறார், அங்கே பழைய எழுத்துருவில் செய்துவிட்டார்கள். யூனிகோடில் மாற்றச் சொன்னபோது கொம்பும் காலும் இடம் மாறி வந்ததால் முழுசாக இன்னொரு தடவை புரூஃப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆரம்பத்திலேயே யூனிகோடு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு மின்னூல் போடும் எண்ணம் இருந்தால் கட்டாயம்.

மொத்தத்தில் 5க்கு 4. சமையல், தையல், கோலம், கூடை, பூக்கட்டுவது என்று கை வைத்துச் செய்கிற எதைப் பற்றி எழுதியிருந்தாலும் தயங்காமல் கொடுக்கலாம், நாவலோடு போகிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வது நல்லது. போகும்போது பிரதியோடு சாமானையும் எடுத்துப்போங்கள், இல்லாவிட்டால் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். மதியம் பூட்டியிருக்கும், சாயங்காலம் போவது உத்தமம். மாடிப்படி செங்குத்து, வயசானவர்கள் கீழே ஜெராக்ஸ் கடையில் சொல்லி அனுப்பினால் அவரே இறங்கி வருவார்.