1050 டிஐ கார்டில் நீல நிற விஜிஏ துளை இருந்தால் வாங்காதீர்கள்

லினக்ஸில் கேம் விளையாடப் பழைய கிராபிக்ஸ் கார்டு தேடுகிறவர்கள், அதிலும் ராமநாதபுரம், மண்டபம், ராமேசுவரம் பக்கம் இருப்பவர்கள், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 6,500 ரூபாய் போய்விட்டது.

மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். எங்களுக்கும் வேலை குறைந்துவிடும். நானும் தம்பியும் கேம் விளையாடுவது அப்போதுதான். வீட்டுக் கணினியில் பல ஆண்டுகளாக உபுண்டு லினக்ஸ்தான். 2018இல், கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் புரோட்டான் என்ற மென்பொருள் வந்த பிறகு விண்டோஸ் கேம்கள் பலவும் லினக்ஸிலேயே ஓடுகின்றன. ஆனால் பிராசஸரோடு வந்த இன்டெல் கிராபிக்ஸ் புதிய கேம்களுக்குத் திணறியது. கார்டு வாங்குவதா, இருப்பதை வைத்துச் சமாளிப்பதா என்று இரண்டு மாதம் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். எங்கள் பவர் சப்ளை சிறியது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு 75 வாட்டுக்குள் அடங்கிவிடும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின்வயரும் வேண்டாம் என்பதால் அதையே முடிவு செய்தோம்.

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கிடைத்தது. அட்டைப்பெட்டி இல்லை. பின்தகட்டில் நீல நிற விஜிஏ துளை. எங்கள் பழைய மானிட்டருக்குத் தோதாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். ஓரத்தில் ஆறு முனை மின் இணைப்பு இருந்தது.

"அண்ணே, இதற்குத் தனி வயர் வேண்டாம் என்பார்களே?"

"இது வேறு கம்பெனி மாடல், தம்பி" என்று சொல்லி ஒரு மாற்று வயரையும் எடுத்துக் கொடுத்தார். பில் கேட்டேன். துண்டுத் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் மாட்டினால் திரை வந்தது. என்விடியா டிரைவரோ கார்டையே கண்டுகொள்ளவில்லை. எந்தக் கேமும் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. மறுபடியும் பஸ் ஏறிப் போனேன். "லினக்ஸ் போட்டால் அப்படித்தான் தம்பி, விண்டோஸ் போட்டுக்கொண்டு வா" என்றார், வாய் கூசாமல். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் பேச்சை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்தை அழிக்கவே உட்கார்ந்துவிட்டேன்.

அழிக்கும் முன் கடைசியாகக் கர்னல் பதிவை, அதாவது லினக்ஸ் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் பதிவைத் திறந்து பார்த்தேன். உபுண்டுவோடு வரும் நூவோ டிரைவர், கார்டின் பயாஸில் (கார்டுக்குள்ளேயே எழுதியிருக்கும் அடிப்படை மென்பொருளில்) உள்ள பெயரை நம்பாமல் சிப்பிடமே அடையாளம் கேட்டு ஒரு வரி எழுதி வைக்கும். 1050 டிஐயின் சிப்பான ஜிபி107 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜிஎஃப்116 என்று இருந்தது. 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் சிப் அது! பயாஸைத் திருத்திப் புதுப் பெயரையும் 4 ஜிபி நினைவகம் என்ற பொய்க் கணக்கையும் ஏற்றி என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பிறகு எல்லாமே விளங்கியது. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் முறையில் எழுதிய கேம்களைப் புரோட்டான், வல்கன் என்ற இன்னொரு கிராபிக்ஸ் முறை வழியாகவே ஓட்டுகிறது. அந்தத் தலைமுறைச் சிப்புக்கு வல்கன் ஆதரவே கிடையாது. என்விடியாவும் 390 வரிசையோடு அதற்கு டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது. நான் மகிழ்ந்த அந்த நீலத் துளைதான் முதல் சாட்சி: அசல் 1050 டிஐ சிப்பில் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் வெளியீடே இல்லை.

லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கடைக்கே கொண்டு போங்கள். கார்டை மாட்டி, அதிலிருந்து கணினியைத் திறந்து, கர்னல் பதிவில் சிப்பின் பெயரைப் பாருங்கள். பத்து நிமிட வேலை. மாட்டிக் காட்ட மறுத்தால் வந்துவிடுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் திருகுகளும் விசிறித் தகடுகளும் துருப்பிடித்திருக்கும், அதையும் பாருங்கள். ஏஎம்டி கார்டு என்றால் டிரைவர் லினக்ஸ் கர்னலிலும் மெசா என்ற கிராபிக்ஸ் தொகுப்பிலும் கூடவே வருகிறது. அடுத்து நான் வாங்கப்போவது அதுதான்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசினேன். முதலில் பில்லைத்தான் கேட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதால், அந்தத் துண்டுத் தாளையும் கர்னல் பதிவையும் வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நீலத் துளையோடு இன்னும் இரண்டு கார்டுகள் இருக்கின்றன.