பாரி/ஜிபி: இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்ணோடு ஒரு சோதனை

பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆன்றி கோயனும் சகாக்களும் தொடங்கிய பாரி/ஜிபி என்னும் எண்கணித மென்பொருளைச் சோதிக்க, 293318625600 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்டவை உயர் பகு எண்கள். அவற்றைப் பற்றி 1915இல் வெளியான கட்டுரையில் இராமானுஜன் 6746328388800 வரை தந்த நீண்ட பட்டியலில் இந்த எண் விடுபட்டுப்போயிற்று.

'ஃபேக்டர்' என்ற கட்டளையை இட்டதும், 2இன் 6ஆம் அடுக்கு, 3இன் 4ஆம் அடுக்கு, 5, 7 ஆகியவற்றின் வர்க்கங்கள், 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறை என்று பகாக் காரணிகள் கண்ணிமைப்பதற்குள் வந்துவிட்டன. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் கிடைக்கும் 5040தான் காரணிகளின் எண்ணிக்கை. 'நம்டிவ்' கட்டளையும் அதையே சொன்னது. (அந்த 5040உம் ஓர் உயர் பகு எண் என்பது தனி அழகு.) 'சிக்மா' தந்த காரணிகளின் கூட்டுத்தொகை 1642243014720, அதாவது, எண்ணைப் போல் ஐந்தரை மடங்குக்கும் சற்று மேல்.

இதற்கு முந்திய உயர் பகு எண்ணாகிய 240940299600க்கு 4800 காரணிகள், பிந்திய 321253732800க்கு 5376. ஆனால் நடுவிலுள்ள நம் எண் உண்மையிலேயே உயர் பகு எண்தானா என்பதை ஒரே கட்டளையில் கேட்டறிய வழியில்லை. ஒன்றிலிருந்து ஒவ்வோர் எண்ணாகச் சோதிக்கச் சொன்னால் சாதாரண மடிக்கணினி திணறிவிடும். இத்தகைய எண்களில் பகா எண்கள் 2இலிருந்து இடைவெளியின்றி வரவேண்டும், அடுக்குகள் ஏறாமல் சமமாகவோ இறங்கியோ செல்லவேண்டும் என்ற இராமானுஜனின் கூற்றுகளை நிரலில் எழுதினால்தான் சோதிக்கவேண்டிய எண்கள் கைக்கு அடங்குகின்றன. இதை மென்பொருளின் குறையாக நான் கருதவில்லை.

கறுப்புத் திரையும் கட்டளை வரியும் மட்டுமே கொண்ட தோற்றம் புதியவர்களை மிரட்டும். உதவிக் குறிப்புகளும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. ஆயினும் லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் இயங்கும் இதற்கு விலை ஏதுமில்லை. பாஸ்கல் என்னும் நிரல்மொழியில் எழுத எண்ணித் தொடங்கியதால் வந்த பெயர்தான் பாரி என்றாலும், நமக்கு முல்லைக்குத் தேர் ஈந்தவன் நினைவுக்கு வராமல் இருப்பானா?

மிகப் பெரிய எண்களைப் பகுப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'ஃபேக்டர்' தரும் பெரிய காரணிகள் இயல்பான அமைப்பில் பகா எண்களுக்குரிய வலுவான சோதனையொன்றில் தேறியவை மட்டுமே. முறையான நிறுவல் வேண்டுமானால் ஒவ்வொன்றையும் 'இஸ்பிரைம்' கட்டளையிடம் தனியே ஒப்படைக்கவேண்டும். நம்முடைய எண்ணின் மிகப் பெரிய பகாக் காரணி 19 என்பதால் அந்த வேலை எனக்கு நேரவில்லை.