ஸ்டிக்லர் கண்கள்: கிரையோவா, லேசரா, காத்திருப்பதா?

"பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, நல்ல கண்ணில் எதற்குக் கை வைக்க வேண்டும்?" பிள்ளைக்கு ஸ்டிக்லர் சின்ட்ரோம் (கண், மூட்டு, அண்ணம் ஆகியவற்றைப் பாதிக்கும் மரபணு நோய்) என்று தெரியவந்து, கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை விலகாமல் இருக்க முன்கூட்டியே தடுப்புச் சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர் சொன்னதும், பெற்றோர் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சும்மா இருப்பதற்கு ஆபத்தே இல்லை என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. முதல் வகை ஸ்டிக்லரில் அந்த எண்ணம் சரியில்லை.

இந்த வகையில் கோளாறு COL2A1 என்ற மரபணுவில். கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லுக்கு இரண்டாம் வகைக் கொலாஜன்தான் சட்டகம். அது சரியாக உருவாகாததால், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் பிளவு விளக்குக் கருவியில் பார்த்தால் லென்ஸுக்குப் பின்னால் கசங்கிய சவ்வு மாதிரி ஒன்றுதான் தெரியும். இந்தக் கண்களில் விழித்திரை அதன் முன்விளிம்பை ஒட்டிக் கிழிய ஆரம்பித்து, கடிகார முகப்பில் மூன்று மணி நேர அளவையும் தாண்டி ஓடலாம். இதைத்தான் ராட்சதக் கிழிசல் என்கிறார்கள். கிழிந்த மடல் உள்ளே மடிந்துகொண்டால் விட்ரியஸை அகற்றுவது, சிலிக்கான் எண்ணெய் நிரப்புவது, வடு இழுத்தால் மறுபடியும் அறுவை என்று விஷயம் நீளும்.

ஆகவே தடுப்பு எதைக் கொண்டு செய்கிறோம் என்பதைவிட எந்த இடத்தில் செய்கிறோம் என்பதே முக்கியம் என்பது என் கட்சி.

கிரையோ என்பது உறையவைத்து ஒட்டும் முறை. மருத்துவர் கண்ணுக்குள் பார்த்தபடியே, குளிர்முனையை வெளிப்பக்கமாக வெண்விழியின் மேல் வைத்து அழுத்துவார். முனைக்கு நேர் உள்ளே விழித்திரை வெளுக்கும். உருகும்வரை பொறுத்து, முனையை எடுத்து, அடுத்த இடத்தில் வைப்பார். இப்படி முன்விளிம்பை ஒட்டி, இடைவெளியே விடாமல் முழு வட்டம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் குழு வகுத்த முறை இது. 487 முதல் வகை நோயாளிகளின் விவரங்களை அவர்கள் 2014இல் வெளியிட்டார்கள். சிகிச்சை எடுக்காதவர்களில் 53.6 சதவீதம் பேருக்கு விழித்திரை விலகியது. இரு கண்ணிலும் தடுப்பு செய்துகொண்டவர்களில் 8.3 சதவீதம்.

கொஞ்சம் நிதானிப்போம். இது பழைய பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு. யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று குலுக்கிப் பிரித்து ஒப்பிடும் குலுக்கல் முறைச் சோதனை இல்லை. விழித்திரை விலகிய பிறகே மருத்துவமனைக்கு வந்து, சிகிச்சை பெறாதவர் கணக்கில் சேர்ந்தவர்களும் உண்டு. அதனால் வித்தியாசம் பெரிதாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது. ஆனால் வயதையும் கண்காணிப்புக் காலத்தையும் பொருத்திப் பார்த்த பிறகும் ஆபத்து ஐந்து மடங்கு வேறுபட்டது. வேறெந்த முறைக்கும் இவ்வளவு பேரை வைத்த ஆதாரம் இல்லை.

லேசருக்கும் ஆதரவாளர்கள் உண்டு. வீக்கம் குறைவு, வலி குறைவு. ஒத்துழைக்கும் பெரியவர்களுக்கு கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து போட்டே செய்துவிடலாம். நூற்றுக்கணக்கான சூட்டுப் புள்ளிகளை வரிசையாக வைப்பார்கள். கிரையோவுக்குப் பின் இமை வீங்கிச் சில நாள் கண்ணைத் திறக்கவே சிரமமாக இருக்கும். அந்த வகையில் லேசர் சுகம். சிக்கல் எங்கே என்றால், ஒளி உள்ளே போய்ச் சேர வேண்டும். ஸ்டிக்லர் கண்களில் ஆப்புவடிவக் கண்புரை சகஜம், அது ஓரத்தை மறைக்கும். முன்விளிம்பு எட்டாமல் பின்னால் மட்டும் லேசர் போட்டால், கிழிசல் பிறக்கும் இடம் பாதுகாப்பில்லாமல் நின்றுவிடும். விளிம்புவரை போட்டீர்களா என்று கேட்காமல் 'லேசர் செய்தாயிற்று' என்று நிம்மதியடைய முடியாது.

கண்ணைச் சுற்றி சிலிக்கான் பட்டை கட்டுவது மூன்றாவது வழி. விலகிய விழித்திரைக்கு அது நல்ல சிகிச்சை. விலகாத கண்ணுக்கு, கிட்டப்பார்வையைக் கூட்டி, மாறுகண்ணுக்கும் இடம் கொடுக்கும் இந்த அறுவை எனக்கு அதிகமாகவே படுகிறது.

காத்திருப்பதாக முடிவெடுத்தால் மின்னல் வெட்டு, திடீரென்று கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து இறங்கும் நிழல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். தெரிந்தால் அன்றே மருத்துவமனை. பெரியவர்களுக்குச் சரி. சின்னப் பிள்ளை சொல்லாது. ஒரு கண் மங்கினால் மறு கண் சமாளித்துக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. இன்னொரு கண்ணில் ஏற்கெனவே விலகியவர்களுக்குக் காத்திருப்பது எந்தக் கணக்கிலும் ஒத்துவரவில்லை. தடுப்பு செய்தவர்களும் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது, 8.3 என்பது பூஜ்யம் இல்லை.

இதையெல்லாம் அப்படியே மார்ஃபான் சின்ட்ரோம் என்ற இன்னொரு மரபணு நோய்க்குத் தூக்கிப்போகக் கூடாது. அங்கே கோளாறு FBN1 மரபணுவில். நீண்ட கண்விழி, நழுவிய லென்ஸ் என்று ஆபத்தின் வழியே வேறு. முழு வட்டத் தடுப்புக்கு இத்தகைய ஆதாரம் அங்கே இல்லை. ஓட்டையோ கிழிசலோ தெரிந்தால் அதைச் சுற்றி லேசர், மற்றபடி நெருக்கமான கண்காணிப்பு. எலர்ஸ்-டான்லாஸ் என்ற மற்றொரு மரபணு நோயிலும் முழு வட்டத்துக்கு ஆதாரம் போதாது. ஸ்டிக்லரிலேயே, COL11A1 என்ற வேறு மரபணுவால் வரும் வகைக்கு ஆதாரம் மெலிவு. மறுபுறம், COL2A1இன் இரண்டாம் எக்ஸானில் (மரபணுவின் ஒரு துண்டு) பிழை இருப்பவர்களுக்கு மூட்டிலும் அண்ணத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, கண்ணில் மட்டும் முழு ஆபத்தும் இருக்கும். மரபணு அறிக்கை கைக்கு வராமல் முறையைத் தேர்ந்தெடுப்பது அவசரம்.

அப்புறம், குழந்தைகளுக்கு எந்த முறையானாலும் பொது மயக்கம்தான். சிறிய தாடை, பிளவுபட்ட அண்ணம் உள்ள பிள்ளைக்கு மூச்சுக்குழாய் போடுவது கடினமாகலாம். இதைக் கண் மருத்துவரிடம் மட்டுமல்ல, மயக்க மருத்துவரிடமும் தேதி குறிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.