உலைக்கும் மூக்குக்கும் நடுவே: உலோகப் புகையைத் தடுக்க எந்த வழி மேல்?

பித்தளை உருக்கிய அன்று இரவு எனக்குக் காய்ச்சல் வந்தது. மதியம் மூன்று மணிக்கு உலையை அணைத்திருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு வாயில் இனிப்பும் உலோகமும் கலந்த ஒரு சுவை, தீராத தாகம். அப்புறம் போர்வைக்குள் போன பிறகும் நிற்காத நடுக்கம். மறுநாள் மாலைக்குள் சரியாகிவிட்டதால் சளிக்காய்ச்சல் என்றே நினைத்தேன். அடுத்த முறை பித்தளை உருக்கிய இரவும் அதே நடுக்கம் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

இரண்டு நாளும் சன்னல் திறந்திருந்தது, சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது, முகத்தில் துணி முகக்கவசமும் இருந்தது. மூன்றும் இருந்தும் புகை உள்ளே போயிருக்கிறது. எந்த வழி எதைத் தடுக்கிறது, எதைத் தடுப்பதில்லை என்று அதன்பின் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் புகையைப் பற்றிக் கொஞ்சம். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். பித்தளை உருகுவதே ஏறக்குறைய 900 முதல் 940 டிகிரியில்தான். வார்ப்பதற்கு அதற்கும் மேலே சூடேற்ற வேண்டும். ஆகவே பித்தளை உருக்கும்போது துத்தநாகம் ஆவியாகாமல் இருக்கவே முடியாது. அந்த ஆவி காற்றைத் தொட்டதும் வெள்ளை ஆக்சைடாக மாறிப் பஞ்சுபோல் பறக்கும். பஞ்சாகத் திரள்வதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் துகள் ஒவ்வொன்றும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு என்பதால் நுரையீரலின் அடிவரை போய்விடும். காய்ச்சல் உடனே வராமல் 4 முதல் 12 மணி நேரம் கழித்து வருவதால், பகலில் செய்த வேலையோடு அதை யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. தினமும் உருக்குபவர்களுக்கு உடம்பு ஓரளவு பழகிப்போகும். ஓரிரு நாள் விடுமுறை எடுத்தால் அந்தப் பழக்கம் போய்விடும், வேலைக்குத் திரும்பிய முதல் நாளே மறுபடி காய்ச்சல். பால் குடித்துவிட்டு உருக்கினால் ஒன்றும் ஆகாது என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. அதை நம்பி உலை மூட்டாதீர்கள்.

திறந்தவெளியா, சுவர் ஃபேனா?

இந்த இரண்டில் திறந்தவெளிதான் மேல். புகை தேங்க இடமில்லை, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு பற்றிய பயமும் பெருமளவு குறையும். ஆனால் காற்று நம் பேச்சைக் கேட்காது. மூசையை (உலோகம் உருகும் பாத்திரம்) உலையிலிருந்து தூக்கும் அந்த அரை நிமிடத்தில் திசை மாறினால் புகை முழுக்க முகத்தில்தான். மழைத்தூறல் விழுந்தாலும் ஆபத்து: உருகிய உலோகத்துக்கு அடியில் ஈரம் மாட்டினால் நீராவி வெடித்து உலோகத்தைச் சிதறடிக்கும். மூன்று பக்கம் சுவரும் மேலே கூரையும் உள்ள கொட்டகையைத் திறந்தவெளிக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

சுவர் ஃபேன் அறைக் காற்றை மாற்றும், அவ்வளவுதான். புகை முதலில் அறை முழுக்கப் பரவி, நீர்த்து, பிறகே வெளியேறும். பரவும் அந்த வழியில் நாம் நிற்கிறோம். எனக்கு நடந்தது அதுதான். என் ஃபேன் உலைக்கு எதிர்ச்சுவரில் இருந்தது, நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. காற்று முதுகிலிருந்து வந்து உலைப் பக்கம் போனால் பாதுகாப்பு என்றுதான் தோன்றும். உண்மையில் ஆற்று நடுவே நிற்கும் பாறைக்குப் பின்னால் நீர் சுழல்வதுபோல, நம் உடம்புக்கு முன்னால் காற்று சுழலும். அந்தச் சுழல் புகையை இழுத்து மூக்கருகே நிறுத்தும். காற்று இடப்பக்கமிருந்து வலப்பக்கமோ, வலப்பக்கமிருந்து இடப்பக்கமோ நம்மைக் குறுக்கே கடந்து போகும்படி நிற்பதே சரி. ஃபேன் மட்டும்தான் இருக்கிறது என்றால் இதையாவது செய்யுங்கள்.

தலைக்கு மேல் ஹூடா, பக்கவாட்டு ஹூடா?

புகையைப் பரவவிடாமல் பிறந்த இடத்திலேயே உறிஞ்சிப் பிடித்து, குழாய் வழியாக வெளியேற்றும் திறந்த வாய்தான் ஹூட். என் பார்வையில் இந்த அலசலின் நடுமையம் இதுதான்.

தலைக்கு மேல் தொங்கும் கூம்பு ஹூட் செய்வதற்குச் சுலபம். சூடான புகை தானாக மேலே எழுவதால் அதற்கு இயற்கையின் துணையும் உண்டு. குறை என்னவென்றால் உலைக்கும் கூம்புக்கும் நடுவில் நம் தலை இருக்கிறது. கசடு வழிக்கக் குனிந்தால், கூம்பு புகையை நம் முகத்தின் வழியாகத்தான் மேலே இழுக்கும். சன்னலிலிருந்து வரும் லேசான குறுக்குக் காற்றுகூடப் புகையைக் கூம்புக்கு வெளியே தள்ளிவிடும்.

பக்கவாட்டு ஹூட் உலையின் பின்புறமாக, மூசை வாயின் உயரத்தில் நிற்கும். புகை நம்மிடமிருந்து விலகி அந்தப் பக்கம் போகும், குனிந்தாலும் மூக்கு அதன் பாதையில் வராது. ஆனால் இங்கே தூரம் மிகக் கறாரான கணக்கு. ஊதும் காற்று வெகுதூரம் போகும். உறிஞ்சும் காற்றின் பிடி குழாய் வாயைவிட்டு விலகியதும் விழுந்துவிடும். குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளினாலே, வாயில் இருக்கும் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 20 செ.மீ. விட்டமுள்ள குழாய் வாயை வைத்து, புகையைப் பிடிக்க நொடிக்கு அரை மீட்டர் வேகம் வேண்டும் என்று கொள்வோம். மூசை 15 செ.மீ. தூரத்தில் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 8 கன மீட்டர் காற்றை இழுக்க வேண்டும். அதே மூசை 30 செ.மீ. தள்ளிப்போனால் சுமார் 28 கன மீட்டர். தூரம் இரண்டு மடங்கானதற்கு ஃபேனின் வேலை மூன்றரை மடங்காகிறது. எழும் புகையின் சூட்டுக்கும் வேகத்துக்கும் ஏற்ப இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும் என்றாலும், பெரிய ஃபேன் வாங்குவதற்கு முன் ஹூடைக் கிட்டே நகர்த்திப் பார்க்கலாம் என்பதை இது சொல்லிவிடுகிறது. குழாய் வாயைச் சுற்றி அகலமான தகட்டு விளிம்பு வைத்தால் பின்னாலிருந்து வீணாக இழுக்கும் காற்று குறையும், தேவையில் கால் பங்கு வரை மிச்சமாகும். உலையின் மூன்று பக்கமும் தகடு அடைத்துக் கூண்டுபோல ஆக்கிவிட்டால் இன்னும் நல்லது.

எந்த ஹூடாக இருந்தாலும் வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவு சன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால், உலையின் புகைபோக்கி வழியாகவே காற்று திரும்பி உள்ளே இறங்கும். ஹூடின் குழாய் தகரக் குழாயாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். அதன் மறுமுனை கூரைக்கு மேலே, யாருடைய சன்னலுக்கும் எதிரில் இல்லாமல் திறக்க வேண்டும். ஹூட் இழுக்கிறதா என்று பார்க்க, உலை மூட்டும் முன் மூசை இருக்கும் இடத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகைக்கோடு வளைந்து ஹூடுக்குள் போகவில்லை என்றால் அன்றைக்கு உருக்க வேண்டாம்.

முகக்கவசங்களில் எது?

துணி முகக்கவசத்தையும் அறுவை சிகிச்சை முகக்கவசத்தையும் இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். ஓரத்தில் இருக்கும் இடைவெளி வழியாகவே புகை நுழைந்துவிடும்.

என்95 குறைந்தது 95 சதவீதத் துகள்களைப் பிடிக்கும், பி100 வடிகட்டி 99.97 சதவீதம். எண்ணைப் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் மூக்கையும் வாயையும் மூடும் அரைமுகக் கவசத்தில் எந்த வடிகட்டியைப் போட்டாலும், வெளியே இருக்கும் புகை உள்ளே பத்தில் ஒன்றாகக் குறையும் என்றுதான் பாதுகாப்பு விதிகள் கணக்கில் எடுக்கின்றன. விளிம்புக் கசிவுதான் காரணம். தாடி இருந்தால் அந்தப் பத்தில் ஒன்றும் நிச்சயமில்லை. ரப்பர் விளிம்புள்ள பி100 அரைமுகக் கவசத்தைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன், என்95ஐவிட அது முகத்தோடு நன்றாகப் பொருந்துகிறது என்பதற்காக.

எந்தத் துகள் வடிகட்டியும் பிடிக்காதவை இரண்டு. ஒன்று கார்பன் மோனாக்சைடு. கரி உலையிலும், காற்று போதாமல் எரியும் எரிவாயு உலையிலும் பிறக்கும்; மணமில்லை, நிறமில்லை. அதற்கு எச்சரிக்கைக் கருவியும் காற்றோட்டமும்தான் வழி. இந்த ஒரு விஷயத்தில் மின் உலை மற்ற இரண்டையும் தெளிவாக வெல்கிறது. இன்னொன்று பாதரச ஆவி. பாதரசம் கலந்த பொன்னையோ வெள்ளியையோ உலையில் வைக்கவே வைக்காதீர்கள்.

புகையே எழாமல் செய்வது

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட இது மேல், ஆனால் பெரும்பாலும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. பித்தளைக்குப் பதில் துத்தநாகம் இல்லாத வெண்கலம் போதுமா என்று முதலில் கேளுங்கள். பித்தளைதான் வேண்டுமென்றால் மேலே கரித்தூளோ வெங்காரமோ (போராக்ஸ்) போட்டு மூடி, உருகியதும் தாமதிக்காமல் அச்சில் வார்த்துவிடுங்கள். வெப்பமானி இல்லாமல் கண்ணால் நிறம் பார்த்துக் காய்ச்சும்போதுதான் தேவைக்கு மேல் சூடேறி வெள்ளைப் புகை கொட்டுகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதன் சொந்தப் புகை சொற்பம். அங்கே தொல்லை பெயின்ட், எண்ணெய், பிளாஸ்டிக் பூச்சு ஆகியவற்றிலிருந்துதான் வருகிறது. சுத்தம் செய்து காயவைத்த பழைய உலோகத்தை மட்டும் போட்டால் பெரும்பகுதி தீர்ந்தது.

எந்த உலோகத்துக்கு எது?

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் வரம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் விளங்கும். ஒரு கன மீட்டர் காற்றில் துத்தநாக ஆக்சைடு புகை 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஈயத்துக்கு 0.05, அதாவது நூறில் ஒரு பங்கு. காட்மியத்துக்கு 0.005, ஆயிரத்தில் ஒரு பங்கு.

சுத்தமான அலுமினியத்துக்குத் திறந்தவெளியும் கவனமும் போதும். பித்தளைக்குப் பக்கவாட்டு ஹூடும் பி100 கவசமும் சேர்ந்தே வேண்டும். ஹூட் இல்லாவிட்டால் திறந்தவெளியில் கவசத்தோடு, குறைந்த அளவில் உருக்கலாம்.

ஈயம் 327 டிகிரியிலேயே உருகுவதால் பலர் அதைச் சாதுவாக நினைக்கிறார்கள். குறைந்த சூட்டில் ஆவி குறைவு என்பது சரிதான். ஆனால் மேலே படியும் கசடுத்தூள் கையில் ஒட்டும், உடையில் ஒட்டும், சாப்பிடும்போது வாய்க்குப் போகும், வீட்டுக்கு வந்து குழந்தைகளையும் தொடும். ஹூடும் கவசமும் மட்டும் இங்கே போதாது. பட்டறை உடை பட்டறையிலேயே இருக்க வேண்டும், கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அவ்வப்போது ரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

காட்மியத்துக்கு மேலே சொன்ன எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய வெள்ளிப் பற்றாசுகளிலும் (உலோகத்தை ஒட்டவைக்கும் கலவை) காட்மியம் முலாம் பூசிய திருகுகளிலும் அது இருக்கும். 767 டிகிரியில் கொதித்துவிடும். அதன் புகையைச் சுவாசித்தவருக்கு முதலில் வருவதும் பித்தளைக் காய்ச்சல் போன்ற நடுக்கமே. ஆனால் அது மறுநாள் தணியாது. நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுக்கலாம். உருக்கிய நாளில் காய்ச்சலோடு மூச்சுத் திணறலும் நெஞ்சு இறுக்கமும் இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், என்ன உலோகத்தை உருக்கினீர்கள் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெரிலியம் கலந்த செம்பும் இதே வரிசைதான், அதன் கேடு பல வருடம் கழித்துக்கூட வெளிப்படும். என்ன கலவை என்று தெரியாத பழைய உலோகம் கைக்கு வந்தால், நான் அதை இப்போதெல்லாம் உலைப் பக்கமே கொண்டுபோவதில்லை.